ஸ்டாக்ஹோம் இசையரங்க வாசலில் நிற்கும் ஆர்ஃபியஸ்

கேள்வி: ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வழங்கும் அரங்கத்துக்கு முன்னால் பெரிய வெண்கலச் சிற்பம் ஒன்று இருக்கிறது. மூன்று தலை நாயின் மேல் ஒருவன் நிற்கிறான். அவனைச் சுற்றி ஆடையில்லாத எட்டுப் பேர் மிதப்பதுபோல இருக்கிறார்கள். இது என்ன கதை? இதே எட்டுப் பேர் அமெரிக்காவில் ஒரு நீரூற்றில், நடுவில் யாருமே இல்லாமல் நிற்பது ஏன்?

நீங்கள் கேட்பது கார்ல் மில்லெஸ் என்ற ஸ்வீடன் சிற்பி செய்த ஆர்ஃபியஸ் நீரூற்றைப் பற்றி. 1936இல் திறக்கப்பட்டது. உயிரோடு பாதாளத்துக்கு இறங்கிப்போன பாடகன் ஆர்ஃபியஸின் கதை அது. இந்தக் கதையை எத்தனையோ சிற்பிகள் தொட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் எடுத்துக்கொண்டது அவன் திரும்பிப் பார்த்த கட்டத்தை. மில்லெஸ் எடுத்துக்கொண்டது அதற்கு முந்தைய கட்டத்தை, அதாவது இறந்தவர்கள் காதில் பாட்டு விழுந்த நேரத்தை. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் இந்தத் தேர்வில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆர்ஃபியஸ் திரேஸ் நாட்டுக்காரன். கலைத் தேவதைகளில் ஒருத்தியான கலியோப்பியின் மகன். அவன் லைர் என்ற நரம்புக் கருவியை மீட்டிப் பாடினால் விலங்குகள் வந்து நிற்கும், மரங்கள் அசைந்து வரும் என்பார்கள். அவன் மனைவி யூரிடிசி பாம்பு கடித்து இறந்துபோகிறாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், கல்யாணமான கையோடு புல்வெளியில் தோழிகளுடன் நடந்துகொண்டிருந்தபோது குதிகாலில் கடிபடுகிறாள். ஓவிடுக்கு முந்தைய தலைமுறைக் கவிஞர் வெர்ஜில், அரிஸ்டேயஸ் என்பவன் துரத்த, ஓடும் வழியில் பாம்பை மிதித்தாள் என்று எழுதியிருக்கிறார். எப்படியோ, ஆர்ஃபியஸ் அழுது முடித்துவிட்டு, யாரும் திரும்பி வராத அந்த இடத்துக்கே இறங்கிப் போகிறான்.

அங்கே பாதாள அரசன் ஹேடிஸும் அரசி பெர்செஃபனியும் அரியணையில் இருக்கிறார்கள். ஓவிட் அவன் வாயில் வைக்கும் வாதம் எனக்கு எப்போதும் பிடிக்கும். “எல்லோரும் கடைசியில் உங்களிடம்தானே வரப்போகிறோம். அவளும் தன் வயதை வாழ்ந்து முடித்துவிட்டு வந்துவிடுவாள். நான் தானம் கேட்கவில்லை, கடன்தான் கேட்கிறேன். தரமுடியாது என்றால் நானும் திரும்பப் போவதில்லை, இரண்டு சாவையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.” இதைப் பாட்டாகப் பாடுகிறான். அப்போது பாதாளம் முழுக்க வேலை நின்றுபோகிறது, முடிவில்லாத தண்டனை அனுபவிப்பவர்களின் வேலைகூட. எட்ட எட்ட விலகும் தண்ணீருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த டான்டலஸ் நீட்டுவதை நிறுத்துகிறான். இக்சியோனைக் கட்டியிருந்த சக்கரம் சுழலாமல் நிற்கிறது. டிட்டியஸின் ஈரலைக் கொத்திக்கொண்டிருந்த கழுகுகள் வாயெடுக்கின்றன. ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் சுமந்த டானஸின் பெண்கள் இறக்கி வைக்கிறார்கள். காலமெல்லாம் பாறையை உருட்டிய சிசிபஸ், அந்தப் பாறைமேலேயே உட்கார்ந்து கேட்கிறான். இரக்கமே அறியாத பழிதீர்க்கும் தேவதைகளின் கன்னம் முதல் தடவையாக நனைகிறது.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அழைத்துப் போ, ஆனால் மேலே போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்காதே என்ற நிபந்தனை. வெளிச்சம் தெரியும் நேரத்தில் அவன் திரும்புகிறான். அவள் இரண்டாவது தடவை இறக்கிறாள். அவனைப் பற்றி அவளுக்குக் குறையே இல்லை, தன்னை நேசித்தான் என்பதைத் தவிர வேறென்ன குறை சொல்ல முடியும் என்று ஓவிட் எழுதுகிறார்.

சிற்பிகளை இழுத்தது இந்தக் கடைசிக் கட்டம்தான். நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஒரு பளிங்குப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது; கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்துக் கிரேக்க மூலத்தைப் பார்த்து ரோமானியர் செய்த நகல். மூன்றே பேர். ஆர்ஃபியஸ் திரும்பி யூரிடிசியின் முகத்திரையைத் தொடுகிறான், அவள் கை அவன் தோளில் இருக்கிறது, அதற்குள் இறந்தவர்களைப் பாதாளத்துக்கு அழைத்துப்போகும் தேவன் ஹெர்மிஸ் அவளுடைய இன்னொரு கையை மெல்லப் பிடித்துவிட்டான். கூச்சல் இல்லை, பதற்றம் இல்லை. பார்க்கிறவர்களுக்குத் தொண்டை அடைத்துவிடும். வெனிஸில் உள்ள இத்தாலியச் சிற்பி கனோவாவின் சிற்பத்தில் புகைக்குள்ளிருந்து ஒரு கை வந்து யூரிடிசியைப் பின்னால் இழுக்கிறது, ஆர்ஃபியஸ் நெற்றியில் அடித்துக்கொள்கிறான். கனோவா அதை முடித்தது 1777இல், இருபது வயதைத் தொடும் முன்பே. பிரெஞ்சுச் சிற்பி ரோடான் 1893இல் பளிங்கில் செதுக்கவைத்ததில், அவன் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு முன்னே நடக்கிறான், அவள் நிழல்போல முதுகில் ஒட்டி வருகிறாள். இன்னும் பார்க்கவில்லை, பார்த்துவிடுவான் என்று நமக்குத் தெரியும். மூன்றுமே அருமையான படைப்புகள். மூன்றிலும் அந்தப் பார்வைதான் விஷயம்.

மில்லெஸ் 1897 முதல் சில ஆண்டுகள் பாரிஸில் வேலை செய்து கற்றவர். ரோடானின் பாதிப்பு ஆரம்பத்தில் அவரிடம் பலமாக இருந்தது. அப்புறம் அந்தக் கொந்தளிக்கும் தசைகளை விட்டு விலகி, பழங்காலக் கிரேக்கச் சிலைகளின் ஒடுங்கிய, நீண்ட வடிவத்துக்கு நகர்ந்தார். கிரேக்க, ரோமானியச் சிற்பங்களைத் தேடித் தேடி வாங்கியும் வைத்தார். ஸ்டாக்ஹோமை ஒட்டிய லிடிங்கோ தீவில் அவர் வீடாக இருந்து இன்று அருங்காட்சியகமாக இருக்கும் மில்லெஸ்கார்டனில் அந்தத் தொகுப்பை இப்போதும் பார்க்கலாம்.

சரி, இப்போது சிற்பத்துக்கு வருவோம். ஹோட்டோரியெட் என்பது ஸ்டாக்ஹோமின் பழைய சந்தைச் சதுக்கம். பகலில் அங்கே பூவும் பழமும் விற்பார்கள். அதன் ஒரு பக்கம், ஈவார் தெங்பூம் வடிவமைத்து 1926இல் திறந்த இசையரங்கம். நீல நிறச் சுவர், முகப்பில் உயரமான தூண்களின் வரிசை. அந்தத் தூண்களுக்கு முன்னால்தான் நீரூற்று. நடுவில் ஆர்ஃபியஸ், மற்றவர்களைவிட மிகப் பெரிய உருவம், உயரத்தில் நிற்கிறான். ஆளும் ஒரு தூண்போல மெலிந்து நீண்டிருக்கிறான், கையில் லைர். காலடியில் செர்பெரஸ் என்ற பாதாளத்தின் காவல் நாய். அவனைச் சுற்றி வட்டமாக நான்கு ஆண்களும் நான்கு பெண்களும்.

அந்த நாயை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியட் அதற்கு ஐம்பது தலை என்றார். ஏதென்ஸ் குடுவை ஓவியர்கள் பல தடவை இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்று என்பது பிறகு நிலைத்துப்போன கணக்கு. வெளியிலிருந்து வருபவரைவிட உள்ளிருந்து தப்பப் பார்ப்பவரைத் தடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. கதைகளில் இந்த நாயைக் கடந்தவர்கள் வெகு சிலர், ஒவ்வொருவருக்கும் ஒரு வழி. ஹெராக்ளிஸ் தன் கடைசிச் சாதனையாக அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். ட்ராய் நகர வீரன் ஈனியஸ் போனபோது, கூட வந்த குறிசொல்லும் கிழவி மயக்க மருந்து கலந்த தேன் பணியாரத்தைத் தூக்கிப் போட்டாள். ஆர்ஃபியஸுக்குப் பலமும் இல்லை, தந்திரமும் இல்லை. அவன் பாடினான், நாய் மூன்று வாயையும் பிளந்தபடி நின்றுவிட்டது என்கிறார் வெர்ஜில். கி.மு. 438இல் ஏதென்ஸில் அரங்கேறிய யூரிபிடிஸ் நாடகத்திலும், மனைவியை இழக்கப்போகும் ஓர் அரசன், ஆர்ஃபியஸின் நாவும் பாட்டும் எனக்கு இருந்தால் பாதாள நாயும் படகோட்டி கேரோனும் என்னைத் தடுக்க முடியாது என்று புலம்புகிறான். அங்கே திரும்பிப் பார்த்தது பற்றிப் பேச்சே இல்லை. பாட்டு சாவின் கதவைத் திறக்கும் என்பதுதான் பேச்சு. மில்லெஸ் ஆர்ஃபியஸை அந்த நாயின் மேல் நிற்கவைத்திருப்பதை நான் இந்த வரியோடு சேர்த்தே பார்ப்பேன்.

அந்த எட்டுப் பேரை நன்றாகப் பாருங்கள். யாரும் தரையில் ஊன்றி நிற்கவில்லை. பாதங்கள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. கைகள் மேலே போகின்றன, தலைகள் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்கின்றன. ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கண் திறக்கும் முன்பே உடம்பு அசையுமே, அந்த அசைவு அவர்களிடம் இருக்கிறது. ஒருவரையொருவர் அவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரே இசையை எட்டுப் பேரும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். இசைக் கச்சேரியில் உட்கார்ந்திருக்கும் எந்தக் கூட்டமும் அப்படித்தானே!

இதில் யூரிடிசி எங்கே என்று கதை தெரிந்த யாரும் தேடுவார்கள். நான்கு பெண்கள் இருக்கிறார்கள், யாரையும் அவளாக நினைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பெண்ணுக்கும் மற்றவர்களைவிட அதிக இடமோ உயரமோ கொடுக்கப்படவில்லை. ஒருத்தியைக் கூட்டிப்போக வந்தவன் பாடியது அங்கிருந்த எல்லோரையும் எழுப்பிவிட்டது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஓவிடில் சிசிபஸ் பாறைமேல் உட்கார்ந்தான் அல்லவா, அந்த ஒற்றை வரியை ஒரு முழுச் சிற்பமாக விரித்ததுபோல இருக்கிறது.

ஆண்களில் ஒருவருக்குப் பீத்தோவனின் முகச்சாயல். இது தற்செயல் இல்லை, வேண்டுமென்றே வைத்தது. காது கேட்காமல் போன பிறகும் இசை எழுதியவரை, கேட்பவர்களின் வட்டத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார் மில்லெஸ். அந்த முகத்தைக் கண்டுபிடித்த பிறகு மற்ற ஏழு பேரையும் பார்க்கும் விதமே மாறிவிடும். உயிரோடு இருந்தபோது இவர்களுக்கெல்லாம் எது கேட்காமல் போனது என்று மனம் யோசிக்க ஆரம்பிக்கும்.

வெண்கலம் ஏன் என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த மிதப்பு கல்லில் நடக்காது. பளிங்கு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. நீட்டிய கை தன் எடையிலேயே முறியும், ஒற்றைக் கணுக்கால் ஒரு முழு உடம்பைச் சுமக்காது. அதனால்தான் பளிங்குச் சிலைகளில் காலோடு ஒட்டி ஒரு மரக்கட்டையோ துணியோ விலங்கோ முட்டுக்கொடுத்து நிற்கும். ரோமில் போர்கேசே அரங்கத்தில் உள்ள பெர்னினியின் சிற்பத்தில் (1621-22) பாதாள அரசன் பெர்செஃபனியைத் தூக்கிச் செல்கிறான், கீழே செர்பெரஸ் உட்கார்ந்திருக்கிறது. அந்த நாய் கதைக்காக மட்டும் அங்கே இல்லை, அவ்வளவு பெரிய பளிங்கைத் தாங்கும் முட்டும் அதுதான். செம்பும் ஈயமும் (டின் என்கிறோமே, அந்த வெள்ளீயம்) கலந்த வெண்கலம் இப்படி இல்லை. உள்ளே கூடாக வார்க்கலாம். உருவத்தைத் துண்டு துண்டாக வார்த்து இணைக்கலாம், சுவர் சில மில்லிமீட்டர் கனம் இருந்தாலே போதும். உலோகத்துக்கு இழுவிசை தாங்கும் பலமும் உண்டு. எடை குறைவு, பலம் அதிகம் என்பதால் ஒரு சின்ன ஆதாரத்தின் மேல் முழு ஆளையும் நிறுத்தலாம். மில்லெஸ் வாழ்நாள் முழுக்க இந்த வசதியோடு விளையாடினார். அவருடைய மனிதர்கள் பறக்கிறார்கள், கம்பத்தின் உச்சியில் சமன் செய்கிறார்கள், ஒரு பெரிய உள்ளங்கையில் நிற்கிறார்கள். இதற்கு உடம்பு சார்ந்த காரணமும் உண்டு. இளமையில் கல் செதுக்கிய தூசியால் அவருடைய நுரையீரல் கெட்டிருந்தது. களிமண்ணில் உருவம் செய்து வெண்கலத்தில் வார்ப்பது அவருக்கு மூச்சுவிடக்கூடிய வேலை.

தண்ணீரும் வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு வெண்கலத்தில் பச்சைக் களிம்பு ஏறும். நகரத்து மழையில் அது ஒரே சீராகவும் ஏறாது, நீர் வழியும் பாதையில் கோடு கோடாக இறங்கும். இந்தச் சிற்பத்துக்கு அது பொருத்தமாகவே அமைந்துவிட்டது. வார்த்த புதிதில் இருக்கும் பழுப்பு நிறத்தைவிட, பச்சை ஏறிய உடம்புகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தவர்களாகத் தெரிகின்றன.

இசையரங்க வாசலுக்கு ஏன் இந்தக் கதை? இசைக்காரர்களுக்கு ஆர்ஃபியஸ் குலதெய்வம் மாதிரி. இசைக்குறிப்பு முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய ஓபரா (பாட்டாகவே நடக்கும் நாடகம்) 1600இல் ஃபுளாரன்சில் மேடையேறியது. அது இதே கதை. ஏழு ஆண்டு கழித்து மான்டுவாவில் மான்டிவெர்டி செய்ததும் இதே கதை. 1762இல் வியன்னாவில் குளுக் இதையே எடுத்தபோது முடிவை மாற்றி யூரிடிசியைத் திரும்ப உயிர்ப்பித்துவிட்டார். சோகத்தைத் தாங்க முடியாத அரசவை என்று அதைச் சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாடியே ஒருத்தியை மீட்டுவிட்டான் என்று கேட்க மனிதருக்கு ஆசை இருக்கத்தான் செய்யும்.

நோபல் பற்றிச் சொன்னீர்கள். 1926 முதல் ஒரு சில ஆண்டுகள் தவிர டிசம்பர் 10ஆம் தேதி விழா இந்த அரங்கத்தில்தான் நடக்கிறது. சர் சி.வி. ராமன் 1930இல் இங்கே வந்தபோது வாசலில் ஆர்ஃபியஸ் இல்லை. 1983இல் சுப்பிரமணியன் சந்திரசேகரும் 2009இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் பரிசு வாங்கியபோது இருந்தது.

அமெரிக்க நீரூற்றுக்கு வருகிறேன். மில்லெஸ் 1931இல் மிச்சிகன் மாநிலம் ப்ளூம்ஃபீல்ட் ஹில்ஸில் உள்ள கிரான்புரூக் கலைப் பள்ளிக்குப் போனார். பத்திரிகை அதிபர் ஜார்ஜ் பூத்தும் அவர் மனைவி எல்லெனும் உருவாக்கிய இடம் அது. ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் எலியேல் சாரினென் வடிவமைத்தது. அங்கேயே தங்கி வேலை செய்யும் சிற்பியாக 1951 வரை இருந்தார். அந்த வளாகம் முழுக்க அவர் சிற்பங்கள் இருக்கின்றன. 1930களின் கடைசியில், கலை அருங்காட்சியகத்தை ஒட்டிய நீரூற்றில் ஸ்டாக்ஹோம் குழுவின் எட்டு உருவங்களின் வார்ப்புகள் வைக்கப்பட்டன. ஆர்ஃபியஸும் இல்லை, நாயும் இல்லை. எட்டுப் பேர் வட்டமாக நிற்கிறார்கள், நடுவில் தண்ணீர்.

நாயகனை எடுத்துவிட்டால் மிச்சம் ஒப்பேறாது என்று தோன்றும். நேப்பிள்ஸ் சிற்பத்தில் ஆர்ஃபியஸை எடுத்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாதுதான். இங்கே அப்படி ஆகவில்லை. கிரான்புரூக் நீரூற்று குறைபட்ட நகல் போலத் தெரிவதே இல்லை, சிலருக்கு அதுதான் அதிகம் பிடிக்கிறது. நான் முதலில் சொன்ன தேர்வு இங்கேதான் பலன் தருகிறது. மில்லெஸ் செய்தது கேட்பவர்களை. பாடுகிறவன் கண்ணுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை, அவன் பாடுகிறான் என்பது எட்டு உடம்பிலும் எழுதியிருக்கிறது. இசையும் அப்படித்தான் இறந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இருட்டில் யார் பாடுகிறான் என்று யார் பார்த்திருக்க முடியும்?

ஸ்டாக்ஹோமின் பெரிய ஆர்ஃபியஸ் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தூண்களோடு போட்டி போடவேண்டிய கட்டாயம் அவனை அவ்வளவு நீளமாக்கிவிட்டது. கீழே நிற்கும் நமக்கு அவன் முகம் எட்டுவதில்லை. அந்தச் சதுக்கத்துக்கு அப்படி ஒருவன் தேவைப்பட்டான், சின்ன உருவமாக இருந்தால் கட்டடம் விழுங்கியிருக்கும். ஆனால் மனசை இழுப்பது கீழே இருக்கும் வட்டம்தான்.

தண்ணீர் பற்றி ஒன்று. ஆர்ஃபியஸ் பெயரால் ஒரு வழிபாட்டு மரபே பழங்கிரேக்கத்தில் இருந்தது. அதோடு சேர்த்துப் பேசப்படும் சின்னஞ்சிறு தங்கத் தகடுகள் தென் இத்தாலி, கிரீட், தெசலி ஆகிய இடங்களின் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. மிகப் பழையவை கி.மு. 400 வாக்கிலானவை. இறந்தவருக்கு வழி சொல்லும் எழுத்துகள் அவை. பாதாளத்தில் வெள்ளை சைப்ரஸ் மரத்தடியில் ஒரு ஊற்று இருக்கும், அதன் பக்கமே போகாதே. அதைத் தாண்டிப் போனால் நினைவின் ஏரியிலிருந்து குளிர்ந்த நீர் வரும். அங்கே காவல் இருப்பவர்களிடம், நான் மண்ணுக்கும் விண்மீன் நிறைந்த வானத்துக்கும் பிறந்த பிள்ளை, தாகத்தால் வறண்டு சாகிறேன், நினைவின் தண்ணீர் தா என்று கேள். நீரூற்றின் நடுவே, பாட்டைக் கேட்டு எழும் இறந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தத் தகடுகள் ஞாபகம் வராமல் இருப்பதில்லை. ஆர்ஃபியஸ் கதையில் தண்ணீர் ஓர் அலங்காரம் இல்லை, செத்தவர் கேட்கும் முதல் பொருளே அதுதான்.

நேரில் போகும் வாய்ப்பு வந்தால் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். படத்தில் ஆர்ஃபியஸ்தான் விழுவான். வட்டத்தைச் சுற்றி மெதுவாக நடந்து, எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பாருங்கள். பீத்தோவனை நீங்களே கண்டுபிடியுங்கள். நீரூற்று ஓடும் பருவத்தில் போவது நல்லது, ஸ்வீடன் குளிர்காலத்தில் வெளி நீரூற்றுகளை நிறுத்திவிடுவார்கள். அதே பயணத்தில் மில்லெஸ்கார்டனுக்கும் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். அவர் 1955இல் இறந்து அங்கேயேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். ஓவியரான அவர் மனைவி ஓல்காவும் அவருடன் இருக்கிறார்.